கிட்டார் வாசிக்கத் தெரியாத ரேடியோ மெக்கானிக்: எலெக்ட்ரிக் கிட்டாரை யாரும் ரிப்பேர் செய்யும்படி மாற்றிய லியோ ஃபெண்டர்

கேபிள் செருகியாச்சு. ஆம்ப் ஆன். வால்யூம் ஃபுல். ஆனாலும் கிட்டாரில் இருந்து சத்தமே வரவில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இது நடக்கும்.

உள்ளே பெரிய சர்க்யூட் ஏதாவது இருக்கும், நமக்கு எங்கே புரியப்போகிறது என்று பலரும் பயந்து அதைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். ஆனால் டெலிகாஸ்டர் வகை கிட்டாரில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால் கண்ணில் படுவது இவ்வளவுதான்: ஒரு சுவிட்ச், இரண்டு குமிழ்கள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர், கொஞ்சம் வயர்.

இந்த எளிமை தானாக வந்துவிடவில்லை. பழுது பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவர், திறந்து பார்த்தால் புரிய வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை அது. அவர் பெயர் லியோ ஃபெண்டர். உலகமே வாசிக்கும் கிட்டார்களை உருவாக்கிய அவருக்குக் கடைசி வரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கக்கூட வராது.

யார் இவர்? வாசிக்கத் தெரியாத ஒருவரால் இதை எப்படிச் செய்ய முடிந்தது?

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் பிறந்தது 1909 ஆகஸ்ட் 10-ல். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம் - ஃபுல்லர்ட்டன் ஊர்களுக்கு நடுவே அவருடைய பெற்றோருக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. விவசாயக் குடும்பம்.

எட்டு வயதில் ஒரு கட்டி காரணமாக இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியால் ஆன செயற்கைக் கண்தான்.

1922-ல், லியோவுக்கு 13 வயது. சாண்டா மரியா என்ற ஊரில் கார்களுக்கான எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த மாமா ஒருவர், ஒரு பெட்டி நிறையக் கழித்துப்போட்ட ரேடியோ பாகங்களையும் பேட்டரியையும் அனுப்பி வைத்தார். அடுத்து மாமா கடைக்கே போன லியோ, அவர் உதிரி பாகங்களை வைத்துத் தானே செய்த ஒரு ரேடியோவைப் பார்த்தார். அதன் ஸ்பீக்கரில் இருந்து வந்த சத்தம் அந்தப் பையனின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ரேடியோ பிரித்துக் கோக்க ஆரம்பித்துவிட்டார்.

சிறுவயதில் பியானோ, சாக்ஸஃபோன் இரண்டையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒட்டவில்லை. ஸ்பீக்கரும் வால்வும்தான் ஒட்டின.

வேலை போச்சு, கடை வந்துச்சு

ரேடியோவில் இவ்வளவு ஆர்வம் இருந்தும், கல்லூரியில் லியோ படித்தது கணக்கு. எலெக்ட்ரிக்கல் பாடத்தில் ஒரு வகுப்புகூட முறையாகப் படித்ததில்லை. படித்து முடித்ததும் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். ஐஸ் கம்பெனி, நெடுஞ்சாலைத் துறை, டயர் கம்பெனி என்று இடம் மாறியது. 1934-ல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

அது அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் தாக்கிய காலம். லட்சக்கணக்கானவர்களைப் போல லியோவுக்கும் வேலை போனது. 29 வயதை எட்டும் நேரம். கையில் நிலையான வருமானம் இல்லை.

1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் 'ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ்' என்ற கடையைத் திறந்தார். ரேடியோ ரிப்பேர், கிராமஃபோன் ரிப்பேர், இசைத்தட்டு விற்பனை, கூட்டங்களுக்கு மைக் செட் வாடகை என எல்லாம் ஒரே கடையில் நடந்தது. கண் காரணமாக இரண்டாம் உலகப் போருக்கு அவரை அழைக்கவில்லை. அதனால் போர்க்காலத்திலும் கடை ஓடியது.

ரிப்பேர் மேஜை சொல்லிக்கொடுத்தது என்ன?

லியோவின் பிற்கால வேலையைப் புரிந்துகொள்ள, ஒரு ரேடியோ மெக்கானிக் எப்படி யோசிப்பார் என்று தெரிய வேண்டும்.

சத்தம் வராத ரேடியோவை அவர் கண்டபடி கழற்ற மாட்டார். ஏரியலில் நுழையும் சிக்னல் பல கட்டங்களைத் தாண்டித்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது. எந்தக் கட்டம் வரை சிக்னல் உயிரோடு இருக்கிறது, எங்கே செத்துப்போகிறது என்று பார்ப்பார். பாதி வழியில் சோதித்தால், பழுது முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரிந்துவிடும். பிறகு அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார். நான்கைந்து சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும்.

இதே வேலையை வருடக்கணக்கில் செய்யும் ஒருவருக்கு இன்னொன்றும் தெரிந்துவிடும். எந்தப் பாகம் அடிக்கடி போகிறது, எந்த இடத்தில் வயர் அறுகிறது, எந்த ஸ்க்ரூவை நெருங்கவே முடியவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொருளைத் தயாரித்தவருக்கே தெரியாத ரகசியங்கள் இவை. ஏனென்றால் பழுதான பொருள் திரும்பி வருவது மெக்கானிக்கின் மேஜைக்குத்தான்.

கிட்டார் மேஜைக்கு வந்த கதை

ஃபுல்லர்ட்டனைச் சுற்றி அப்போது நடன அரங்குகள் நிறைய இருந்தன. அங்கே வாசிக்கும் கலைஞர்கள் தங்கள் ஆம்ப்களையும் எலெக்ட்ரிக் கிட்டார்களையும் ரிப்பேருக்கு லியோவிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத்து எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை உள்ளே கூடாக இருந்த சாதாரண கிட்டாரின் மேல் பிக்-அப் பொருத்தியவை. சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்பின் ஒலியே கிட்டாரின் கூட்டை அதிரவைத்து, காது கிழியும்படி ஊளையிடும். பழுதானால் உள்ளே கைவிட்டு வேலை செய்வதும் பெரும்பாடு.

இந்த நேரத்தில் டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞருடன் லியோவுக்குப் பழக்கம் ஏற்பட்டது. ரிக்கன்பேக்கர் நிறுவனத்தில் அனுபவம் உள்ளவர் அவர். இருவரும் சேர்ந்து பிக்-அப்பைச் சோதிக்க 1943-ல் கட்டையால் ஒரு கிட்டாரைச் செய்தார்கள். கூடே கிடையாது, முழுக்கட்டை. பிக்-அப் எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் செய்தது. ஆனால் உள்ளூர்க் கலைஞர்கள் அதை வாடகைக்குக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

பிக்-அப் என்றால் என்ன? காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியைச் சுமார் 8,000 சுற்று சுற்றினால் அதுதான் பிக்-அப். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு செம்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அந்தத் துளி சிக்னலை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. தலைமுடி போன்ற அந்தக் கம்பி எங்காவது அறுந்தால் கதை முடிந்தது.

1945-ல் இருவரும் 'கே அண்ட் எஃப்' என்ற பெயரில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களையும் ஆம்ப்களையும் தயாரித்து விற்றார்கள். பெரிதாகக் கடன் வாங்கித் தொழிலை விரிக்கக் காஃப்மனுக்குப் பயம். 1946-ல் விலகிக்கொண்டார். லியோ தனியாகத் தொடர்ந்தார். கடை ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம். பெரும்பாலான இரவுகள் பட்டறையிலேயே போயின.

எலெக்ட்ரிக் கிட்டாரைக் கண்டுபிடித்தது இவர்தானா?

இல்லை. இது பலரும் தவறாகச் சொல்லும் விஷயம். 1930-களின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் பீச்சம் வடிவமைத்த காந்தப் பிக்-அப் கிட்டாரை ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. முழுக்கட்டை கிட்டாரையும் லெஸ் பால், பால் பிக்ஸ்பி போன்றவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள்.

அப்படியானால் லியோ செய்தது என்ன? ஒவ்வொன்றாகக் கையால் இழைத்த அபூர்வப் பொருளை, ஆயிரக்கணக்கில் தயாரிக்கக்கூடிய, பழுதானால் பாகம் மாற்றக்கூடிய பொருளாக அவர் மாற்றினார்.

அதுவரை கிட்டார் செய்வது தச்சுக்கலை. கழுத்துப் பகுதியை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். அது வளைந்துவிட்டால் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லியோ அந்தக் கழுத்தை நான்கு ஸ்க்ரூ போட்டு உடலில் இறுக்கினார். பழுதா? கழற்று, புதுசு மாட்டு. சில நிமிட வேலை.

கிட்டார் உலகின் பெரிய கம்பெனிகள் இதைப் பார்த்துச் சிரித்தன. கட்டைப் பலகையில் கம்பி கட்டியது மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

டெலிகாஸ்டர்: பெயர் இல்லாமல் விற்ற கிட்டார்

1948-ல் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன் என்ற இளைஞர் லியோவிடம் சேர்ந்தார். 1950-ல் முழுக்கட்டை கிட்டார் வெளிவந்தது. ஒரு பிக்-அப் உள்ளதற்கு எஸ்கொயர், இரண்டு பிக்-அப் உள்ளதற்கு பிராட்காஸ்டர் என்று பெயர்.

முதல் சறுக்கல் உடனே வந்தது. மேப்பிள் மரம் போதுமான வலு உள்ளது, உள்ளே இரும்புக் கம்பி தேவையில்லை என்று லியோ நினைத்திருந்தார். தொடக்கத்தில் போன எஸ்கொயர்களின் கழுத்து வளைந்தது. பழுதான கிட்டார்கள் திரும்பி வந்தன. விற்பனையைக் கவனித்த டான் ராண்டல் வற்புறுத்தினார். லியோ தன் முடிவை மாற்றி, கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைத்தார்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். கிரெட்ச் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம்ஸ் விற்று வந்தது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் லியோவின் ஆட்கள் லேபிளில் இருந்த பெயரை வெட்டி எறிந்துவிட்டு, ஃபெண்டர் என்ற வார்த்தை மட்டும் உள்ள லேபிளை ஒட்டி அனுப்பினார்கள். அப்படிப் பெயரே இல்லாமல் போன 1951-ம் ஆண்டுக் கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் 'நோகாஸ்டர்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அதே ஆண்டு டெலிகாஸ்டர் என்ற பெயர் வந்தது. தொலைக்காட்சி பரவத் தொடங்கிய நேரம், பெயர் ஒட்டிக்கொண்டது.

1951-ல் இன்னொரு பெரிய வேலையும் முடிந்தது. ஆள் உயரம் இருக்கும் டபுள் பேஸை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்காக, தோளில் மாட்டி வாசிக்கும் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை லியோ கொண்டுவந்தார். சுரம் தப்பாமல் விரல் வைக்க ஃப்ரெட் கம்பிகள் இருந்ததால் அதற்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர்.

சத்தம் வரவில்லை என்றால் எங்கே தேடுவது?

இப்போது அந்தத் தகட்டுக்குள் போகலாம். டெலிகாஸ்டரில் சிக்னல் போகும் வழி ரொம்ப நேரானது. பிக்-அப், செலக்டர் சுவிட்ச், வால்யூம், ஜாக், கேபிள், ஆம்ப். டோன் குமிழ் இந்தப் பாதையில் ஒரு கிளை மட்டும். ரேடியோ மெக்கானிக் பாணியில் இதைக் கடைசியில் இருந்து பின்னோக்கிச் சோதிக்கலாம்.

முதலில் கேபிள், ஆம்ப். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் ஆம்ப் இருக்கட்டும். ஆம்ப் வால்யூமைக் குறைத்துவிட்டு, கிட்டாரில் இருந்து உருவிய கேபிளின் நுனியை விரலால் தொட்டால் 'கிர்ர்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் கேபிளும் ஆம்ப்பும் நன்றாக இருக்கின்றன. வராவிட்டால் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்னை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது சுவிட்ச். எல்லா நிலையிலும் மாற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் சத்தம் இல்லையென்றால் அந்தப் பிக்-அப், அல்லது அது சுவிட்ச்சில் சேரும் இடம். எல்லா நிலையிலும் சத்தம் இல்லையென்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியில்தான் பழுது. அதாவது சுவிட்ச்சுக்குப் பிறகு இருக்கும் வால்யூம், ஜாக், அவற்றுக்கு இடையே ஓடும் வயர்.

மூன்றாவது, தட்டிப் பார்ப்பது. வால்யூமை ஓரளவு வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பிக்-அப்பின் காந்தத்தை மெல்லத் தொடுங்கள். ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்டால் அந்தப் பிக்-அப்புக்கு உயிர் இருக்கிறது.

நான்காவது, ஜாக். கேபிளைத் தினமும் செருகி உருவுவது இந்த இடத்தில்தான். அதன் நட் தளர்ந்தால், ஜாக் மொத்தமாகச் சுழலும். உள்ளே இருக்கும் வயரும் கூடவே முறுக்கிக்கொண்டு ஒருநாள் அறுந்துவிடும். டெலிகாஸ்டரில் ஜாக் தளர்வது பலரும் சொல்லும் குறை. நட்டை இறுக்கும்போது ஜாக் சுழலாமல் பிடித்துக்கொள்வது முக்கியம்.

சத்தத்தின் தன்மையே ஒரு துப்பு. கிட்டாரைச் செருகியதும் பெரிய இரைச்சல் மட்டும் வந்தால் எர்த் வயர் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். இரைச்சல்கூட இல்லாமல் முழு அமைதி என்றால், சிக்னல் வயர் எங்கோ எர்த்தைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கலாம்.

ஐந்தாவது, மல்டிமீட்டர். ஆம்ப்பில் இருந்து கேபிளை உருவிவிட்டு, அதன் அந்த முனையின் நுனியிலும் உடலிலும் மீட்டரை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். கிட்டாரின் வால்யூம் முழுசாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவு தப்பாக வரும்.

சுமார் 5 முதல் 8 கிலோ ஓம் காட்டினால் பிக்-அப்பில் இருந்து கேபிள் நுனி வரை பாதை சரி. பூஜ்யம் காட்டினால் ஷார்ட். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் வால்யூம் குமிழ் வரை சரி, அதற்கு முன்னால் சுவிட்ச்சிலோ பிக்-அப்பிலோ பாதை அறுந்திருக்கிறது. ஏனென்றால் இந்த வகைக் கிட்டார்களில் வால்யூம் குமிழின் அளவே வழக்கமாக 250 கிலோ ஓம்தான். மீட்டரில் எதுவுமே காட்டவில்லை என்றால் ஜாக்கிலோ அங்கே வரும் வயரிலோ துண்டிப்பு.

இடம் தெரிந்துவிட்டால் மிச்சம் சால்டரிங் வேலைதான். பளபளப்பு இல்லாமல் மங்கிய உருண்டையாகத் தெரியும் பற்று, தொட்டால் ஆடும் வயர் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி இல்லாத கிட்டாருக்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் கிடையாது. கேபிளை உருவிவிட்டுப் பயமில்லாமல் திறக்கலாம். ஆனால் வால்வு ஆம்ப் அப்படி இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஆம்ப்களிலும் லியோ ரிப்பேர்காரரை மறக்கவில்லை. பின்பலகையைக் கழற்றினால் வேலை செய்ய வசதியாக இருக்கும். எந்த இடத்தில் எந்த வால்வு என்ற அட்டவணை பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத ஒரு மெக்கானிக் இதைத் திறப்பார் என்று அவருக்குத் தெரியும். அவரும் ஒருகாலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தானே.

ஸ்ட்ராட்டோகாஸ்டர்: குறை சொன்னவர்கள் செய்த கிட்டார்

வாசிக்கத் தெரியாதது லியோவுக்கு ஒருவகையில் உதவியது. தன் ரசனையை யார் மீதும் திணிக்க அவரிடம் எதுவும் இல்லை. அதனால் வாசிப்பவர்களைக் கேட்டார். புது மாதிரிகளை உள்ளூர்க் கலைஞர்களிடம் கொடுத்து, இரவு அரங்குகளில் வாசிக்கவிட்டு, என்ன குறை என்று விசாரிப்பார்.

டெலிகாஸ்டரின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்றவர்கள் சொன்னார்கள். சரி என்று உடலின் ஓரங்களை வளைத்துச் செதுக்கினார். 1953-ல் சேர்ந்த ஃப்ரெடி டவாரஸ், தேர்ந்த இசைக்கலைஞர். வடிவமைப்பில் அவர் பங்கு பெரியது. தந்தியின் சுருதியை அசைக்கும் கம்பி அமைப்பு முதலில் சரியாக வரவில்லை. அதை அப்படியே தூக்கிப்போட்டுவிட்டு, ஸ்ப்ரிங் வைத்துப் புதிதாக ஆரம்பித்தார்கள்.

1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. மூன்று பிக்-அப், சுவிட்ச், குமிழ்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில். அந்தத் தகட்டைக் கழற்றினால் ஏறக்குறைய மொத்த சர்க்யூட்டும் கையோடு வந்துவிடும். ஜாக் மட்டும் இரண்டு ஸ்க்ரூ போட்ட தனித் தகட்டில். அதிகம் அடிபடும் பாகத்தை மற்றதைத் தொடாமலே சரிசெய்யலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் சுவிட்ச்சுக்கு மூன்று நிலைகள்தான். ஆனால் கலைஞர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்-அப்களையும் சேர்த்து ஒலிக்கவைக்கக் கற்றுக்கொண்டார்கள். வடிவமைத்தவர் திட்டமிடாத அந்த ஒலி அவ்வளவு பிடித்துப்போனதால், 1977-ல் ஐந்து நிலை சுவிட்ச்சே வழக்கமாகிவிட்டது.

1957-ல் பட்டி ஹாலி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு தோன்றினார். 1969-ல் உட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் இருந்ததும் அதுதான். வலது கைக்காரர்களுக்கான கிட்டாரை அவர் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிப்போட்டு இடது கையால் வாசித்தார்.

உடம்பு கேட்கவில்லை, கம்பெனி கைமாறியது

1950-களின் நடுவில் லியோவுக்கு ஒரு கிருமித்தொற்று வந்தது. வருடங்கள் ஓடியும் சரியாகவில்லை. தனக்கு இனி அதிக நாள் இல்லை என்ற எண்ணமே வந்துவிட்டது. கம்பெனியோ அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்குக் கம்பெனியை விற்றார். எவ்வளவு பெரிய தொகை அது? அதற்கு முந்தைய ஆண்டு அதே சிபிஎஸ், அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் அணியான நியூயார்க் யாங்கீஸின் 80 சதவீதத்தை வாங்கியது 1.12 கோடி டாலருக்குத்தான். 600 டாலர் கடனில் தொடங்கிய ரிப்பேர் கடைக்காரர், அந்த 80 சதவீதப் பங்கைவிட அதிக விலைக்குத் தன் தொழிலை விற்றிருந்தார்.

விற்ற பிறகு வேறு ஒரு மருத்துவரிடம் போனார். நோய் குணமாகிவிட்டது! ஆனால் அவர் பெயர் தாங்கிய கம்பெனி அவர் கையில் இல்லை.

சிபிஎஸ் காலத்தில் தரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு கலைஞர்களிடையே பரவியது. 1965-க்கு முந்தைய ஃபெண்டர்களுக்குத் தனி மவுசு வந்தது இப்படித்தான். கடைசியில் 1985-ல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்கள் உள்ளிட்ட குழு ஒன்று கம்பெனியை சிபிஎஸ்ஸிடம் இருந்து வாங்கியது.

பேட்டரி வைத்த கிட்டாரும் கடைசி மேஜையும்

ஒப்பந்தப்படி பத்து ஆண்டுகள் லியோ போட்டித் தொழில் செய்யக் கூடாது. பணம் இருந்தது. ஓய்வெடுத்திருக்கலாம். 1970-களில் பழைய சகாக்கள் தொடங்கிய மியூசிக் மேன் நிறுவனத்தில் மறுபடி வேலையில் இறங்கினார்.

அங்கே 1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸ், உள்ளேயே பேட்டரியில் ஓடும் சிறு ஆம்ப் கொண்டது. இப்படிப்பட்ட கிட்டார்களில் சத்தம் வராததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமாக இவற்றில் கேபிளைச் செருகினால்தான் பேட்டரி இணைப்பு ஆன் ஆகும். வாசித்து முடித்துக் கேபிளை உருவ மறந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். பேட்டரி வைத்த பேஸ் ஊமையாகிவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன்பு புது 9 வோல்ட் பேட்டரியைத் தேடுவது புத்திசாலித்தனம்.

1979-ல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு ஃபில்லிஸ் என்பவரை மணந்தார். அதே காலகட்டத்தில் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற நிறுவனம். ஜார்ஜ், லியோ என்ற பெயர்களின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். அங்கேயும் பிக்-அப்பின் காந்த அமைப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

பார்க்கின்சன் நோய் கையை நடுங்கவைத்த பிறகும் அவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ல், 81 வயதில் லியோ ஃபெண்டர் காலமானார். அவருடைய வேலை மேஜையை ஜி அண்ட் எல் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் கலைக்காமல் வைத்திருந்தார்கள். 1992-ல் ராக் அண்ட் ரோல் இசைக்கான புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மேடையில் ஒரு பாட்டுகூட வாசிக்காதவர் அவர்.

இன்று இது ஏன் முக்கியம்?

இன்று நம் கையில் இருக்கும் பல பொருட்களைத் திறக்கவே முடியாது. பசை போட்டு ஒட்டிய ஃபோன், கழற்ற முடியாத பேட்டரி. பழுதானால் புதுசு வாங்கு என்பதுதான் வழி. வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் பேசுகிறார்கள்.

லியோவின் கிட்டார் அப்படி ஒரு சட்டம் இல்லாத காலத்தில் வந்தது. 1950-களில் செய்த ஒரு டெலிகாஸ்டரில் இன்று சத்தம் வரவில்லை என்றால், புது ஜாக்கோ புது வால்யூம் குமிழோ வாங்கி, பழையது இருந்த இடத்திலேயே சால்டர் செய்துவிடலாம். 70 வருடம் கழித்தும் அது பாடும்.

உங்கள் கிட்டார் இன்று ஊமையாகிவிட்டதா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறம் சுவிட்ச். அப்புறம் ஜாக். அதற்குப் பிறகும் சத்தம் வரவில்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். அது திறப்பதற்காகவே செய்யப்பட்டது.